மனிலா மாமியாருக்காகப் படித்த சொல்

எனக்கு ஸ்பானிஷ் பாஷையில் ஒரே ஒரு சொல் தலை முதல் கால் வரை தெரியும். போவது. வருவது பாதி தெரியும். மற்றபடி சோறு, தண்ணீர், சூடு, போதும். அதோடு சரி.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள் நான். ஸ்பானிஷ் படித்தது ஜொகூர் பாருவில், கையில் இஸ்திரிப் பெட்டியோடு. சொல்லிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். படிக்க வேண்டி வந்தது மாமியார் பயத்தால். பயம் எனக்கில்லை. அவருக்கு.

அவர் மனிலாக்காரர். படக்கொட்டகையில் பிடில் வாசித்தார். அப்போது படம் பேசாது. திரைக்குக் கீழே நாலைந்து மனிலாக்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள். குதிரை ஓடினால் வேகமாக, பெண் அழுதால் மெதுவாக. எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு. அந்தக் கோட்டுகளை வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு சீனர் சலவைக் கடையில் கூலிக்கு நின்று கற்ற தொழில். பிறகு கடைத்தெருவுக்குப் பின்னால் இடம் பிடித்து நானே செய்தேன்.

ஒருத்தர் மட்டும் அடிக்கடி கோட்டைக் கொண்டுவந்தார். அதில் அழுக்கே இருக்காது.

"அழுக்கில்லாத கோட்டை எதுக்குக் கொண்டாறீங்க?"

"அழுக்காக்கத் தெரியலை."

அந்தப் பேச்சு கல்யாணத்தில் போய் முடிந்தது. இரண்டு பேரும் மாதா கோயில் வேதக்காரர்கள். சாமியாருக்கு ஞானஸ்நான வேலை மிச்சம். நாங்கள் பேசிக்கொண்டது கடைத்தெரு மலாயில். இங்கே தமிழில் எழுதிக்கொண்டு போகிறேன்.

பிறகு படம் பேச ஆரம்பித்தது. பிடில் நின்றது.

அவர் பகலெல்லாம் வீட்டில் இருந்தார். கரி ஊதிக் கொடுப்பார், தண்ணீர் சுமப்பார். சிங்கப்பூரில் டான்ஸ் ஹாலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாலத்தைத் தாண்டிப் போய்ப் போய்க் கேட்டுவந்தார். பிறகு வா, பிறகு வா என்றார்கள்.

அந்தச் சமயத்தில் ஊருக்குப் போயிருந்த கொட்டகை டிரம்பெட்டுக்காரர் திரும்பி வந்தார். வந்தவர் வாசலில் நின்றே சொன்னார்.

"உங்கம்மா கப்பல் ஏறப் போறாங்க. உன்னைக் கையோட கூட்டிட்டுப் போகத்தான். திரும்பற டிக்கெட் ரெண்டு பேருக்கு எடுத்தாச்சு."

என் வீட்டுக்காரர் அப்படியே துணிக் குவியலில் உட்கார்ந்தார்.

"அது தேய்ச்ச துணி. எழுந்திருங்க."

எழுந்தார். முகத்தில் ரத்தமில்லை.

டிரம்பெட்டுக்காரர் போன பிறகு கேட்டேன். "ரெண்டு டிக்கெட்டுன்னா அவங்களுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. எனக்கு?"

"உன்னைப் பத்தி அம்மா ஒண்ணும் சொல்லலை."

"சொன்னாலும் நான் வர மாட்டேன். மனிலாவில யார் துணி எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு? நீங்க போறீங்களா?"

"போகலை."

"அப்ப அதைச் சொல்லிருங்க. முடிஞ்சது."

"நீ எங்கம்மாவைப் பார்த்ததில்லை," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, கரியைக் கிளறிக்கொண்டே, "நீயே சொல்லிடேன்" என்றார்.

"நானா?"

"நான் பத்து வார்த்தை பேசுவேன். அம்மா பத்தையும் பிடிச்சு இழுப்பாங்க. நீ ரெண்டு பேசுவே. பிடிக்க ஒண்ணும் இருக்காது."

"மலாய் தெரியுமா அவங்களுக்கு?"

"தெரியாது. வீட்டில ஸ்பானிஷ். தகாலோக் எங்க ஊர்ப் பாஷை, தெருவில பேசத்தான். மருமகள்கிட்ட தகாலோக் பேசினா அவங்க கௌரவம் போயிரும் லா. ரெண்டே வார்த்தைதான். நோ பா. அவன் போகலைன்னு அர்த்தம்."

"ரெண்டு வார்த்தை நான் சொன்னா, அவங்க திருப்பி நாலு கேப்பாங்க. ஏன் போகலை, எப்பத்தான் போவான், போன வருஷமே ஏன் போகலைன்னு. நான் முழிச்சுக்கிட்டு நிக்கவா? முழுசாச் சொல்லிக் குடுங்க."

இப்படித்தான் ஆரம்பித்தது.

நம் தமிழில் போறேன், போனேன், போவேன். எங்கே போனாலும் போ கூடவே வரும். ஸ்பானிஷில் அப்படி இல்லை. அந்தச் சொல்லுக்குப் பேர் இர். ஆனால் நான் போகிறேன் என்றால் இர் இல்லை. போய்.

"போய்யா? அது எங்க சொல்லாச்சே."

"எங்களோடதுதான். கொஞ்சம் அழுத்திச் சொல்லு. போய். நீ போறே, பாஸ். அவன் போறான், பா. நாம போறோம், பாமோஸ். அவங்க போறாங்க, பான்."

"இர்ருக்கும் போய்க்கும் என்ன உறவு?"

"உறவு இல்லை. ஒரே வீட்டில குடியிருக்காங்க."

சட்டை தேய்க்க ஒரு முறை உண்டு. முதலில் காலர். அடுத்து தோள். அப்புறம் கை, முதுகு. கடைசியில் முன்பக்கம். முறை மாறினால் தேய்த்த இடம் மறுபடி கசங்கும். அந்த முறையில் இந்தச் சொல்லைக் கட்டிவைத்தேன். காலர், போய். தோள், பாஸ். கை, பா. முதுகு, பாமோஸ். முன்பக்கம், பான். இரண்டு கூடை சட்டை தேய்த்து முடித்தபோது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்கிற நிலைக்கு வந்தேன்.

மறுநாள் போன காலம். அதற்குக் கால்சட்டை. போனேன், ஃபுய். போனான், ஃபுவே.

"இதில போயும் இல்லை, இர்ரும் இல்லையே?"

"இல்லை. இன்னொண்ணு. ஃபுய்னா இருந்தேன்னும் அர்த்தம்."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். "போனவனுக்கும் இருந்தவனுக்கும் ஒரே சொல்லா?"

"ஆமா."

"எப்படிக் குடித்தனம் பண்றாங்க உங்க ஊரில?"

அவர் சிரித்தார். அம்மா வரும் சேதி வந்த பிறகு சிரித்தது அன்றுதான்.

வரும் காலம் ஒன்று பாக்கி. போவேன், இரே. அதைத் தலையணை உறைக்கு வைத்தேன். நேராக இருந்தது, சீக்கிரம் வந்தது.

எல்லாம் முடிந்தது என்று அவர் எழுந்தார். நான் விடவில்லை.

"வாரதுக்கு என்ன?"

"அது எதுக்கு உனக்கு?"

"வாசலைத் தாண்டறப்ப வெறுமனே போறேன்னு நாங்க சொல்ல மாட்டோம். போயிட்டு வாரேன்னுதான் சொல்லணும். சாவு வீட்டில இருந்து கிளம்பறப்ப மட்டும்தான் வாரேன்னு சொல்லாம வருவோம்."

"அது தனிச் சொல். அதுவும் கோணல்."

"கோணலா இருந்தா தேய்ச்சுக்கலாம். சொல்லுங்க."

போய் இ பேங்கோ. போயிட்டு வாரேன். பா இ பியேனே. போயிட்டு வருவார். அந்தளவில் நிறுத்திக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வந்தார். லாயாங் லாயாங்கில் ரயில் ரோட்டு வேலை. மாதம் ஒரு தடவை மரவள்ளிக் கிழங்கோடு ரயிலேறி வருவார். நான் காலரைத் தேய்த்துக்கொண்டு முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டார்.

"என்ன புள்ள, மந்திரமா?"

"மாமியார் பாஷை."

"கட்டினவர் பாஷை தெரியாமலே குடும்பம் நடத்திட்டே. இப்ப மாமியாருக்கு என்ன அவசரம்?"

"மாப்பிள்ளை போக மாட்டார்னு அவங்ககிட்ட சொல்லணும்."

"அதை மாப்பிள்ளை சொல்ல மாட்டாரா?"

என் வீட்டுக்காரர் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். தலை தூக்கவில்லை. "மச்சான், உங்க மாமியார் முன்னால நீங்க வாய் திறப்பீங்களா?"

அண்ணன் யோசித்தார்.

"நல்லாப் படி புள்ள," என்றார்.

தவக்காலத்தில் மாமியார் வந்து சேர்ந்தார். இவர் சிங்கப்பூருக்குப் போய்க் கப்பலில் இருந்து இறக்கி, வாடகைக் காரில் பாலத்தைத் தாண்டிக் கூட்டிவந்தார். நான் பெரிய உருவமாக எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் என் தோள் உயரம். கையில் விசிறி, ஒரு முழங்காலில் நோவு. படியேற என் கையைப் பிடித்தார். பிடி இரும்பு.

நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை அல்ல. ரவிக்கையின் கைகளை. இரண்டு தோளிலும் வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி நிற்க வேண்டியவை. அன்னாசி நாரில் நெய்த துணி. நம் ஊரில் பழத்தைத் தின்றுவிட்டு இலையை எறிகிறோம். கப்பலில் கசங்கி, ஒரு பக்கம் நின்றது, ஒரு பக்கம் தொங்கியது. நான் அதையே பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். விசிறியால் மூடிக்கொண்டார்.

அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு துணி கொடுக்கக் கிளம்பினேன். வாசலில் திரும்பி, "மமா, போய் இ பேங்கோ" என்றேன். அவர் புருவம் உயர்ந்தது. தலையாட்டினார். எனக்கு உள்ளே ஒரு சின்னப் பெருமை. நான் சொன்ன ஸ்பானிஷ் ஒரு ஸ்பானிஷ்காரம்மா காதில் ஏறிவிட்டது.

வீடு வீடாகக் கொடுத்து, அழுக்கு வாங்கி, பிற்பகலில் திரும்பினேன். மேசையில் மூன்று தட்டு. சோறு ஆறிக் கிடந்தது. மீன் குழம்பில் ஏடு. மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் எதிரில், பசியில் கண் உள்ளே போய்.

"எங்கே போனே?" என்றார் அவர் மலாயில். "அம்மா என்னையும் சாப்பிட விடலை."

"சொல்லிட்டுத்தானே போனேன்?"

"நீ சொன்னதுக்கு அவங்க பாஷையில இதோ வந்துட்டேன்னு அர்த்தம். அடுப்புப் பத்தவைக்கப் போற மாதிரி."

"எங்க வழக்கத்தில வருஷம் கழிச்சு வந்தாலும் அப்படித்தான் சொல்லிட்டுப் போவோம்."

அவர் அதை அம்மாவிடம் சொன்னார். அந்தம்மா திருப்பி ஏதோ கேட்டார்.

"அப்ப இதோ வந்திருவேன்னா என்ன சொல்வீங்கன்னு கேக்கறாங்க."

"அதுக்கும் அதேதான்."

மாமியார் எழுந்து வாசலுக்கு வந்தார். பிறகு விசிறியை மடக்கி, வானத்தைக் காட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினார். இங்கே? இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். இங்கே? சூரியன் எங்கே வரும்போது நான் வருவேன் என்று கேட்கிறார். அன்று முதல் அது எங்கள் ஏற்பாடு. நான் போய் இ பேங்கோ சொல்வேன், அவர் விசிறியால் கேட்பார், நான் விரலால் காட்டுவேன். சோறு ஆறவில்லை.

சில சொற்களுக்கு விசிறியும் வேண்டியிருக்கவில்லை. குடைக்கு அவர்கள் தெருப் பாஷையிலும் பாயோங், மலாயிலும் பாயோங். ஒரு நாள் மழையில் அவர் வாயிலிருந்து அது தவறி வந்துவிட்டது. நான் குடையை நீட்டினேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கோயிலில் இன்னும் சுலபம். பூசை லத்தீனில். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே அளவுதான் புரிந்தது.

"சொன்னியா?" என்று என் வீட்டுக்காரர் தினமும் கேட்பார்.

"இன்னும் இல்லை."

"எப்பத்தான் சொல்லுவே?"

"துணி கொஞ்சம் ஈரமா இருக்கறப்பத் தேய்க்கணும். சொட்டச் சொட்டத் தேய்க்க முடியாது."

"அம்மா துணியா?"

"நீங்கதான் துணி."

குருத்து ஞாயிறு வந்தது. கோயிலுக்குப் போட மாமியார் அந்த ரவிக்கையை எடுத்துவந்து தானே தேய்க்கப் போனார். சட்டைக்கு வைத்த சூடு பெட்டியில் அப்படியே இருந்தது. அன்னாசி நார் அந்தச் சூட்டுக்குப் பொசுங்கிவிடும். நான் கையை நீட்டித் தடுத்தேன். அவர் முறைத்தார். நான் ரவிக்கையை வாங்கினேன். வாங்கினேன் என்றால், இழுத்தேன்.

கரியைக் கொட்டிச் சூட்டைக் குறைத்தேன். பச்சரிசிக் கஞ்சியைத் தண்ணீராக வடித்து, நீலம் ஒரு துளி விட்டு, விரலால் தெளித்தேன். ஒரு துணிப்பந்தை உள்ளே திணித்து, அதன் மேல் வைத்து, நுனியால் தேய்த்தேன். தேய்க்கிற நேரம் முழுதும் அவர் கை, பறிக்கத் தயாராக, என் கைக்கு அருகே இருந்தது. முடித்து நிறுத்தினேன். இறக்கை நின்றது. விரலால் சுண்டிப் பார்த்தார். அசையவில்லை.

"புவேனோ," என்றார்.

அடுத்த நாள் அவர் பெட்டியில் இருந்த அத்தனை துணியும் என் மேசைக்கு வந்தது. நல்லது செய்தால் அப்படித்தான்.

அதன் பிறகு பகலில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். நான் தேய்ப்பேன், அவர் மடிப்பார். மடிப்பு நன்றாக இருக்கும். ஒரு நாள் என் வீட்டுக்காரருடைய வெள்ளைக் கோட்டை மடிக்கும்போது நிறுத்தினார். மோவாயில் பிடில் வைப்பது போலக் காட்டினார். மகனைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை என்று தலையாட்டி, தன் மோதிரத்தைத் தொட்டார். புருஷன். கையால் கப்பல் காட்டினார். ஹொங்கோங் என்றார்.

"ஃபுவே," என்றார். "நோ பீனோ."

போனார். வரவில்லை. அதற்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன். "அப்பா செத்துட்டார்னு சொன்னீங்களே?"

"அப்படிச் சொல்லணும்னு அம்மா சொல்லிக் குடுத்தாங்க."

"அவரும் பிடிலா?"

"அவரும் பிடில்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்தம்மா ஏன் நோவு முழங்காலோடு கடல் தாண்டி வந்தார் என்று. வரும்போது தெரிந்த குடும்பம் ஒன்று கப்பலில் துணையாக இருந்தது. அவர்கள் பினாங்குக்குப் போய்விட்டார்கள். திரும்பிப் போக மகன்தான் துணை. மகனும் இங்கேயே நின்றுவிட்டால், தனியாகக் கப்பல் ஏறி, தனியாக இறங்கி, இரண்டாவது பிடிலும் போச்சு என்று தெருவில் சொல்ல வேண்டும்.

எனக்கோ இருப்பது ஒரு புருஷன். அவரையும் சும்மா அனுப்பிவைக்க நான் ஆளில்லை.

பாஸ்காத் திருநாள் முடிந்தது. கிளம்பும் நாள் வந்தது. அந்தக் காலை வரை நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. பெட்டி இரண்டும் கட்டியாயிற்று. அம்மா கட்டச் சொன்னார், மகன் கட்டினார். வாடகைக் கார் சந்து முனையில் நின்றது. என் வீட்டுக்காரர் அம்மா முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். பிழிந்து போட்ட துணி மாதிரி முகம்.

மாமியார் வாசற்படியில் நின்றார். கையில் இரண்டு டிக்கெட். மகனைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

"பா ஓ நோ பா?"

போறானா, போகலையா. அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. மகனுக்கு வாய் வராது என்பதும், அந்த வீட்டில் யாரைக் கேட்க வேண்டும் என்பதும்.

நோ பா. ரெண்டே வார்த்தை. எத்தனை சட்டையில் தேய்த்துப் பழகிய வார்த்தை. வாயைத் திறந்தேன். ஆனால் பெட்டி வெளியே போய்விட்டது. வயசான மனுஷி வாசலைத் தாண்டிக் காலை வைத்து நிற்கிறார். அப்படிக் கிளம்பி நிற்பவர் முகத்தைப் பார்த்து, இல்லை, போகலை என்று சொல்லி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. எங்கே போறீங்க என்று கேட்டாலே என் அம்மா வாயில் அடிப்பாள். நாக்கு 'நோ' என்று திரும்பவில்லை. பா என்று வந்துவிட்டது. பா என்று மட்டும் சொல்லி நிறுத்தவும் நாக்குக்குத் தெரியாது.

"பா இ பியேனே," என்றேன்.

போயிட்டு வருவார்.

வாய் தவறித்தான் வந்தது. ஆனால் சொன்ன பிறகு, எடுத்துப் பார்த்தால், மடிப்புச் சரியாக இருந்தது.

"இ பியேனே?" என்று மாமியார் கேட்டார். விசிறியை எடுத்து வானத்தைக் காட்டினார். எப்போது?

சூரியனை வைத்துச் சொல்லும் கணக்கு இல்லை இது. ஐந்து விரலையும் மேலிருந்து கீழே ஆட்டிக் காட்டினேன். மழை. மழைக்காலத்துக்குள். அவர் தன் விரலையும் அதே போல ஆட்டினார். நான் தலையாட்டினேன். அவரும் ஆட்டினார். ஒரு டிக்கெட்டை மகன் கையில் கொடுத்துவிட்டு, காரை நோக்கி நடந்தார்.

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன சொன்னே நீ?"

"அம்மாவைத் தனியா அனுப்ப முடியாது. கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

"நோ பான்னு சொல்றதா இருந்தது."

"நீங்க சொல்றதாவும் இருந்தது."

அவர் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "நான் அங்கேயே தங்கிட்டா?"

"அதை உங்கம்மாகிட்டச் சொல்லிப் பாருங்க."

கார் போயிற்று. உள்ளே வந்து கரி போட்டேன்.

அண்ணன் வந்து கேட்டபோது நடந்ததைச் சொன்னேன்.

"நீயே ஏத்தி விட்டியா? அலாமாக். போக மாட்டார்னு சொல்லத்தானே அத்தனை நாள் படிச்சே?"

"வந்திருவார்."

"அவர் சொன்னாரா?"

"நான் சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட?"

"மாமியார்கிட்ட."

அண்ணன் கிழங்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி. மழை வரைக்கும் பாரு. வரலைன்னா கடையைக் கட்டிட்டு எங்கூட வந்துரு. ஒண்டியா இங்க எதுக்கு?" என்றார்.

"சரி," என்றேன்.

தெருவில் கேட்டவர்களுக்கும் அதே பதில்தான். வருவார். டிரம்பெட்டுக்காரர் மனைவி ஒரு தடவை, "மனிலாவில இப்ப டான்ஸ் ஹால் நிறைய வந்திருச்சாம்" என்றாள். நல்லது என்றேன்.

சேதி எதுவும் வரவில்லை. எனக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ். அவருக்கு எழுதத் தெரியாதது தமிழ்.

மழை பிடித்தது. துணி வெளுப்பவளுக்கு மழைக்காலம் கெட்ட காலம். கயிறு கட்டி, கீழே கரிச்சட்டி வைத்து, வீடு முழுக்கப் புகையோடு உலர்த்த வேண்டும். முதல் வாரம் கனத்துப் பெய்தது. அடுத்த வாரமும். ஒரு நாள் ஒரே காலையில் இரண்டு காலரைப் பொசுக்கினேன். அதற்கு முன்னால் ஒரு காலரைக் கூடப் பொசுக்கியவள் இல்லை நான். இரண்டையும் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன்.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு பகலில், கொடியில் துணியைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஈரத் துணிக்கு அந்தப் பக்கம் இரண்டு கால் நின்றது. சேற்றில் முங்கிய வெள்ளைக் கால்சட்டை.

"அழுக்காக்கிட்டு வந்திருக்கீங்க," என்றேன்.

"பஸ்ஸில இருந்து விழுந்துட்டேன்," என்றார். பெட்டியைக் கீழே வைத்தார். மூச்சு வாங்கினார். "அம்மா விரட்டிட்டாங்க."

சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். மனிலாவில் போய் இறங்கியதும் ஒரு டான்ஸ் ஹாலில் வேலை கிடைத்துவிட்டது. நல்ல இடம்.

"கொஞ்ச நாள் இருக்கலாம்னு நினைச்சேன்," என்றார். என்னைப் பார்க்காமல்.

"ம்."

"எங்க ஊரில மழை சீக்கிரம் வந்துரும். முதல் தூத்தல் விழுந்ததுமே அம்மா பெட்டியை எடுத்து வாசல்ல வெச்சுட்டாங்க. மழை வந்தாச்சு, கிளம்புன்னு. இந்த மழை வேற, ஜொகூர் மழை பின்னாடிதான் வரும்னு சொன்னேன். நம்பலை. அப்புறம் சரின்னு விட்டாங்க. விட்டாங்கன்னு நினைச்சேன். தினமும் துறைமுகத்துக்குப் போயிருக்காங்க. அந்த முழங்காலோட. சிங்கப்பூர்ல இருந்து எந்தக் கப்பல் வந்தாலும் இறங்கறவனைப் பிடிச்சு, அங்க மழையான்னு கேட்டிருக்காங்க. ஒரு நாள் எவனோ ஆமா, நல்ல மழைன்னுட்டான்."

"அப்புறம்?"

"அன்னைக்கே டிக்கெட். டான்ஸ் ஹால்லயும் அவங்களே போய்ச் சொல்லிட்டாங்க, இவன் இனிமே வர மாட்டான்னு. எனக்குச் சொல்றதுக்கு முன்னால."

"உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உன் பெண்டாட்டி நீ வருவேன்னு என்கிட்டச் சொல்லிட்டா. ஒரு வீட்டில ஒருத்தர் வராம இருந்தது போதும்னாங்க."

இன்னும் கொஞ்சம் மீன் போட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வாரமே சிங்கப்பூர் டான்ஸ் ஹாலில் கூப்பிட்டுவிட்டார்கள். பாலத்தைத் தாண்டிப் போய் வாசித்துவிட்டு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். இந்தத் தடவை கிழங்கு இல்லை. கயிறும் இரண்டு காலிச் சாக்கும் கொண்டுவந்திருந்தார், என் சாமானைக் கட்ட. என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா மாப்பிள்ளை," என்றார் அண்ணன். குரல் இறங்கிவிட்டது.

"வந்துட்டேன் மச்சான்."

"சந்தோஷம்."

"என்னண்ணே, சந்தோஷத்தை இவ்வளவு சோகமாச் சொல்றீங்க?" என்றேன்.

அண்ணன் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லை. எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால உனக்குன்னு ஒரு துவைகல்லுப் போட்டுட்டேன். பெரிய கல்லு. ஆத்தில இருந்து ட்ராலியில வெச்சுத் தள்ளிக் கொண்டாந்தது. இப்ப எடுக்கவும் முடியாது."

அந்தக் கல் லாயாங் லாயாங்கில் இன்னும் கிடக்கிறது. அண்ணி அதில் மீன் கழுவுகிறாள். நல்ல கல் என்கிறாள்.